ஓவனில் மீனையும் காய்கறியையும் சேர்த்து வைத்தால் காய் வேகாமல் மீன் மட்டும் வறண்டுபோவது ஏன்?

இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே வைப்பதுதான் காரணம். உருளைக்கிழங்குக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும்; மீன் துண்டுக்குக் கால் மணி நேரமே தாராளம். ஆகவே காய் முந்தட்டும். ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, மெல்லிய உருளை வில்லைகள், கேரட், சின்ன வெங்காயத்தை எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசறி, 20 நிமிடம் வையுங்கள். தட்டில் நெருக்கிப் பரப்பினால் நீர் விட்டுக் குழைந்துவிடும். தக்காளியை மீனோடு சேர்த்தால் போதும்.

மீன் என்றால் கொடுவாதான் என் தேர்வு. கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ முழு மீனாகப் பார்த்து வாங்கி, முள் நீக்கி, இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு, உப்பு, எண்ணெய் தடவுங்கள். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகே பிழியுங்கள். புளிப்பில் நெடுநேரம் ஊறினால் சதை இறுகிவிடும். காய்மேல் அடுக்கி 12 முதல் 15 நிமிடம். கத்தி முனையால் நடுவில் நெம்பிப் பாருங்கள்: கண்ணாடி போலிருந்த சதை பால்வெள்ளையாகி, ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

வீட்டில் நம் ஊர் தாளிப்பு வடகம் இருந்தால் விடவே கூடாது! ஓவனில் தூவினால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் கருகிக் கசக்கும். தனியே எண்ணெயில் பொரித்து, மீனை இறக்கியதும் மேலே ஊற்றுங்கள்.