ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறும் சத்தம்: அடாப்டரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். என் பழைய காரின் கம்பெனி ஸ்டீரியோவில் புளூடூத் கிடையாது, பின்பக்கம் ஆக்ஸ் சாக்கெட் மட்டும் உண்டு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்ன போர்டு (அடாப்டர்) ஒன்றும் புளூடூத் ரிசீவர் போர்டு ஒன்றும் வாங்கி டேஷ்போர்டுக்குள் நானே பொருத்தினேன். பாட்டு வருகிறது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘கீ’ என்று ஒரு சத்தமும் கூடவே ஏறுகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பாட்டே கேட்க முடியவில்லை. முதலில் மஞ்சள் ஒயரில் கரண்ட் எடுத்திருந்தேன். பத்து நாள் வண்டி எடுக்காமல் நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. அதனால் மஞ்சளை வெட்டி, எல்லாவற்றையும் சிவப்போடு முறுக்கி டேப் சுற்றினேன். இப்போது சாவியை எடுத்தாலே மணியும் ஸ்டேஷன்களும் அழிந்துவிடுகின்றன. வேறு நல்ல அடாப்டர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இதே இடத்தில் இதே மாதிரி கொடுத்தால் இதே சத்தம்தான் வரும். உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), இன்னொன்று மஞ்சள் ஒயர். மஞ்சள் ஒயரை முதலில் சரிசெய்யுங்கள், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

ஸ்டீரியோவுக்கு மஞ்சள், சிவப்பு என்று இரண்டு 12 வோல்ட் ஒயர் வருவதற்குக் காரணம் உண்டு. மஞ்சள், சாவி இல்லாதபோதும் பேட்டரியோடு தொடர்பில் இருக்கும். மணி, ஸ்டேஷன் நினைவு எல்லாம் அதில்தான் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் கனமான கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகிறது. சிவப்பு வெறும் சைகை: சாவி திரும்பியிருக்கிறது, ஆன் ஆகு என்று சொல்வது. நீங்கள் முழுச் சுமையையும் சிவப்பின் மேல் ஏற்றிவிட்டீர்கள். சாவியை எடுத்ததும் ஸ்டீரியோவுக்கு உயிரே இல்லை, நினைவும் போகிறது.

முதலில் பேட்டரி இறங்கியதற்கும் மஞ்சள்தான் காரணம்: சாவியை எடுத்த பிறகும் போர்டுகள் அதில் கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்தன. இப்படிப்பட்ட இரண்டு போர்டும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 60 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வண்டியின் சொந்தச் செலவு 30 மில்லி ஆம்பியர். மொத்தம் 90. ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-அவருக்குக் கொஞ்சம் மேல், பத்து நாளில் 21க்கு மேல். சிறிய கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர்தான். அதுவும் இரண்டு மூன்று வருடம் ஓடிய பேட்டரி என்றால் ஸ்டார்ட்டர் சுற்றாது.

ஆகவே மஞ்சள் பழையபடி மஞ்சளோடு, சிவப்பு சிவப்போடு. அடாப்டருக்கு மட்டும் சிவப்பிலிருந்து ஒரு கிளை எடுங்கள், கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்பது கடையில் விற்கும் ஸ்டீரியோ ஒயர்களின் வழக்கம். கார் கம்பெனி வண்டிப்பக்கம் வேறு நிறம் வைத்திருக்கலாம். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடியுங்கள். சாவி வெளியே இருக்கும்போதும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது நிரந்தர ஒயர். சாவியை ஒரு கட்டம் திருப்பிய பிறகே காட்டுவது சிவப்பின் வேலையைச் செய்யும் ஒயர்.

அளந்து முடித்ததும் 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றிய பிறகே ஒயரில் கை வைக்கவேண்டும். சில கம்பெனி ஸ்டீரியோக்கள் பேட்டரி கழற்றி மாட்டியதும் கோட் கேட்கும், அந்த அட்டை வண்டிப் புத்தகத்தோடு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ போட்டு வரும் ஒயர்க்கட்டைத் தொடவே கூடாது.

டேப் சுற்றிய இணைப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கொழகொழவென்று ஆகிவிடும். சுற்று மெல்ல நழுவும், முறுக்கிய செம்பு வெளியே தெரியும். அது ஸ்டீரியோவின் இரும்புச் சட்டத்தில் பட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத ஒயர் என்றால் தீப்பிடிக்கும். இரண்டு முனையையும் ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே 3 எம்.எம். ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றிச் சூடு காட்டுங்கள். குழாயை ஈயம் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துவிடவேண்டும். இது மறந்துபோய் மறுபடி வெட்டுபவர்கள்தான் அதிகம்.

இனி அந்தச் சத்தம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் முழுக்கச் சமமாக இருக்காது, அதன் மேல் சின்ன அலை ஒன்று ஏறி வரும். இன்ஜின் வேகம் கூடினால் அந்த அலையின் சுருதியும் கூடும். உங்கள் ரிசீவர் போர்டுக்கு எர்த் இரண்டு வழியாகப் போகிறது: கரண்ட் கொடுக்கும் கறுப்பு ஒயர் ஒன்று, ஆக்ஸ் கேபிளின் உறை ஒயர் இன்னொன்று. இரண்டு வழிக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும். ஸ்டீரியோ அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும். ஏற்றத்தில் இன்ஜின் சுற்று கூடியிருப்பதால் சுருதி ஏறி, காதைக் குத்துகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு பவர் பேங்கும் பழைய யு.எஸ்.பி. கேபிளும் போதும். காற்றோட்டமான இடத்தில் வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். ரிசீவர் போர்டுக்கு வரும் 5 வோல்ட், எர்த் இரண்டையும் கழற்றிவிட்டு, பவர் பேங்கிலிருந்து கொடுங்கள். சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த கரண்ட்டுக்கு அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்துக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் இரட்டை எர்த்தான் காரணம். நிற்காவிட்டால் ஆக்ஸ் கேபிளையும் உருவிப் பாருங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் ஸ்டீரியோவின் சொந்த எர்த் தளர்ந்திருக்கிறது. ஸ்டீரியோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, பாட்டு ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள்.

இரட்டை எர்த் என்றால் செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். அடாப்டரின் கறுப்பு ஒயரைத் தனியாகக் கொண்டுபோய் ஸ்டீரியோ பாடியிலேயே ஒரு ஸ்க்ரூவில் கட்டுங்கள். பல வண்டிகளில் சத்தம் பாதிக்கு மேல் குறையும். மீதியும் போகவேண்டுமானால் இரண்டு வழி. ஆக்ஸ் கேபிளின் நடுவே, அந்த வழி எர்த்தைத் துண்டிக்கும் 3.5 எம்.எம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுவது எளிது. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதால் மலிவான ஐசொலேட்டரில் பேஸ் கொஞ்சம் மெலியும், பறை அடி உருண்டு விழாது.

இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்: 5 வோல்ட் போர்டுக்கும் ரிசீவர் போர்டுக்கும் நடுவே பி0505எஸ்-1டபிள்யூ என்ற நான்கு கால் மாட்யூல். இது 5 வோல்ட்டை 5 வோல்ட்டாகவே தந்து, இரண்டு பக்கத்து எர்த்தையும் பிரித்து வைக்கும். பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம். 200 மில்லி ஆம்பியர் வரை தரும், ரிசீவருக்கு அது தாராளம். இரண்டு பக்கமும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். முக்கியமாக, வெளியே வரும் பக்கத்து எர்த்தை உள்ளே போகும் பக்கத்து எர்த்தோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மாட்யூல் வைத்ததே வீண். ‘12லிருந்து நேராக 5’ என்று பி1205எஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். அது 13.2 வோல்ட் வரைதான் தாங்கும், ஓடும் வண்டியில் 14.4 வரை வரும்.

இன்ஜின் வேகத்தோடு மாறாமல் ஒரே சீராக ‘டிக்டிக்’ என்று புளூடூத் சத்தம் கேட்டாலும் இந்த மாட்யூல் பெரும்பாலும் அதையும் நிறுத்திவிடும்.

எல்லாம் முடிந்து டேஷ்போர்டு பிரேமை மாட்டும் முன் ரேடியோவில் தர்மபுரி வானொலியின் 102.5ஐ வைத்துக் கேளுங்கள். அடாப்டர் ஆன் ஆனதும் இரைச்சல் கூடினால், 5 வோல்ட் போர்டு ஆன்டெனா ஒயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள்.