போர்கேசே கேலரி: 11 மணி டிக்கெட்டில் மாலை வரை இருக்கலாமா?

ரோமில் போர்கேசே கேலரிக்கு 11 மணி டிக்கெட் கிடைத்திருக்கிறது, மாலை வரை உள்ளே இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாதுங்க. அங்கே ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம்தான். பிந்திப் போனால் நீட்டித் தரமாட்டார்கள். பையையும் வெளியே ஒப்படைக்க வேண்டும், அதற்கு வரிசை வேறு. 10:30-க்கே போய்விடுங்கள்.

கூட்டம் கீழ்த்தளச் சிற்பங்களை மொய்க்கும்போது நீங்கள் மாடிக்கு ஏறி ரஃபேல், டிஷியன் ஓவியங்களை முதலில் பாருங்கள். பிறகு இறங்கி வந்து பெர்னினியின் 'அப்பல்லோவும் டாஃப்னியும்'. தயவுசெய்து அதைச் சுற்றி வந்து பாருங்கள்: ஓடுகிற பெண்ணின் விரல் நுனியில் இலைகள் முளைக்கின்றன, அத்தனையும் பளிங்கு! கரவாஜ்ஜோவின் ஆறு ஓவியங்களும் அதே தளத்தில்தான். அவற்றுக்கு அரை மணியாவது ஒதுக்குங்கள்.