தொலைக்காட்சி வினாடி வினாவில் அரசியல்வாதிகள் உளறி மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பது சரியா?

கேள்வியைப் படித்தால், உங்கள் ஊர்க்காரர் யாரோ டிவியில் தப்பாகப் பதில் சொல்லி, அந்தத் துண்டு வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. சிரித்திருப்பீர்கள், மனசும் உறுத்தியிருக்கும். உறுத்தாமல் இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் நாம் பெரும்பாலும் தப்பான ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அது பிழைப்பு. கேள்வி தயாரிப்பது ஆசை. பள்ளி ஆண்டு விழா, நூலக வார விழா, உள்ளூர் கேபிள் சேனல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேள்வி அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் சொல்கிறவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. கட்சிச் சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து கமெண்டுக்கு வர வேண்டாம்.

இந்த விஷயத்தில் உலகம் பூராவும் சிரித்த ஆள் என்றால் இங்கிலாந்தின் டேவிட் லாமிதான். 2009இல் பிபிசியின் 'செலிபிரிட்டி மாஸ்டர்மைண்ட்' நிகழ்ச்சிக்கு வந்தார். அப்போது அவர் உயர்கல்வி அமைச்சர், அதனால் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. 1903இல் கதிரியக்க ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பெற்ற மேரி, பியர் தம்பதியின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். க்யூரி என்று சொல்லாமல் 'அன்டோனெட்' என்றார். மேரி அன்டோனெட், பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன ராணி! எட்டாம் ஹென்றி இறந்த பிறகு ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்தவர் யார் என்றதற்கு 'ஏழாம் ஹென்றி' என்றார். அவர் எட்டாம் ஹென்றியின் அப்பா. பாரிஸில் சிறைச்சாலையாக இருந்த கோட்டை எது என்றதற்கு பாஸ்டீலை விட்டுவிட்டு வெர்சாய் அரண்மனையைச் சொன்னார்.

கேள்வி எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மேரி என்று காதில் விழுந்ததும் வாய்க்குப் பக்கத்தில் இருந்த பெயர் அன்டோனெட். ஹென்றி என்றதும் பக்கத்து ஹென்றி. பாரிஸ் என்றதும் வெர்சாய். கறுப்பு நாற்காலி, மேலே விளக்கு, கடிகாரம் ஓடுகிறது. யோசிப்பதற்கு முன்னால் வாய் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த நிகழ்ச்சியில் தப்பான பதிலுக்கு மார்க் குறையாது. ஆனால் இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கினால், 'பாஸ்', அதாவது தெரியாது, அடுத்த கேள்வி என்று குறைவாகச் சொன்னவர்தான் ஜெயித்தவர். ஆக, தெரியாது என்று சொல்வதைவிட எதையாவது சொல்லி வைப்பதுதான் லாபம் என்று விதியே சொல்லிக் கொடுக்கிறது. நம் டிஎன்பிஎஸ்சிகூடத் தேர்வு விடைத்தாளில் ஐந்தாவது கட்டமாக 'விடை தெரியவில்லை' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டது. மேடையில் உட்காருகிற அரசியல்வாதிக்கு அந்த ஐந்தாவது கட்டத்தை யாரும் தருவதில்லை.

லாமி சொன்ன தப்புகளிலேயே எனக்குக் கவலை தந்தது யாரும் அவ்வளவாகப் பகிராத ஒன்று. 2003 ரோஜாப் புரட்சியில் அதிபர் ஷெவர்ட்நாட்சே பதவி விலகிய நாடு எது என்று கேட்டார்கள். 'யுகோஸ்லாவியா' என்றார். சரியான விடை ஜார்ஜியா. யுகோஸ்லாவியா என்ற பெயரே அந்த வருஷம் பிப்ரவரியோடு முடிந்துபோனது, புரட்சி நடந்தது நவம்பரில். இதே லாமி 2024 ஜூலையில் இங்கிலாந்தின் வெளியுறவுத் துறை அமைச்சரானார். ராணி பெயரை மாற்றிச் சொன்னதற்குச் சிரித்த கூட்டம் இதைக் கவனிக்கவே இல்லை.

ஜார்ஜ் புஷ் கதையும் இப்படித்தான். 1999 நவம்பரில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது பாஸ்டன் டிவி நிருபர் ஒருவர் செச்சன்யா, தைவான், இந்தியா, பாகிஸ்தான் தலைவர்களின் பெயரைக் கேட்டார். தைவானுக்கு மட்டும் 'லீ' என்று பாதிப் பெயர் வந்தது. பாகிஸ்தானுக்கு 'ஜெனரல்' என்றதோடு சரி. அப்போதுதான் மறுபடி பிரதமராகியிருந்த வாஜ்பாயின் பெயர் வரவே இல்லை. மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று நிருபரிடமே திருப்பிக் கேட்டார் புஷ். தெரியாது, ஆனால் நான் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கவில்லையே என்றார் நிருபர். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பார்க்கப்போகிற வேலைக்கு வேண்டியதைக் கேட்டார், அது தெரியவில்லை. அங்கே சிரிக்கலாம், கோபப்படவும் செய்யலாம்.

இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் எதற்கு, நம்ம ஊர்க் கதையைச் சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்து கேபிள் சேனல் ஒன்று பொங்கலுக்குப் பிரமுகர்கள் வினாடி வினா என்று ஒரு நிகழ்ச்சி வைத்தது. ஒரு முன்னாள் ஒன்றியச் சேர்மன், ஒரு ஊராட்சித் தலைவி, ஒரு வியாபாரிகள் சங்கத்துக்காரர், ஒரு நகராட்சிக் கவுன்சிலர். ஒரு கல்யாண மண்டபத்தில் பதிவு. பஸ்ஸருக்குப் பதிலாக வீட்டு காலிங் பெல்லை மேசையில் திருகி வைத்திருந்தார்கள். கேள்வி அட்டை முழுக்க என்னுடையது. சார்ட் அட்டையைத் தபால் கார்டு அளவுக்கு வெட்டி, முன்பக்கம் நீல மையில் கேள்வி, பின்பக்கம் சிவப்பு மையில் விடை.

முந்தின நாள் சாயங்காலம் சேர்மனின் ஆள் ஒருவர் மண்டிக்கே வந்துவிட்டார். "ஏனுங் சார், அண்ணன் சொல்லி அனுப்பிச்சாருங். எல்லாம் வேண்டாமுங், அண்ணனுக்கு வர்ற நாலு கேள்வி மட்டும் கொஞ்சம் பாத்துட்டுத் தந்தர்றோமுங்." தர மாட்டேன் என்றேன். யாருக்கு எந்த அட்டை வரும் என்று எனக்கே தெரியாது, கலைத்துத்தான் வைப்பேன் என்றும் சொன்னேன். நிஜமும் அதுதான். அவர் போகும்போது முகம் நன்றாக இல்லை.

மறுநாள் சேர்மனுக்கு வந்த கேள்வி இது: 'சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்த கொங்கு நாட்டுக்காரர் யார்?' கோயமுத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். கொங்கு மண்ணில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதிய கேள்வி. சேர்மன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "தந்தை பெரியார்!" என்றார்.

மண்டபமே கைதட்டியது. ஈரோட்டில் பெரியார் பெயருக்குக் கைதட்டாமல் இருக்க முடியுமா? தொகுப்பாளர் தம்பி என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். தவறு என்றார். சேர்மன் விடவில்லை. "அதெப்படீங் தப்பாவும்? ஈரோட்டுல உக்காந்துக்கிட்டுப் பெரியார் தப்புன்னு சொல்லுவீங்களா?" மறுபடியும் கைதட்டல். நான் எழுந்து, "பெரியார் தப்பில்லீங், இந்தக் கேள்விக்கு அவர் பதிலில்லீங்" என்றேன். அது எத்தனை பேர் காதில் விழுந்ததோ. மேரி என்றதும் அன்டோனெட் வந்தது போலத்தான், கொங்கு என்றதும் பெரியார் வந்துவிட்டார். அமைச்சரவைப் பக்கமே போகாத மனுஷரை நிதி அமைச்சராக்கியாயிற்று.

ஊராட்சித் தலைவியம்மா வேறு மாதிரி. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்த பிறகு தலைவியானவர்களில் ஒருவர். கணவர் பின்னால் நின்று சைகை காட்ட, அதைப் பார்த்துப் பேசுகிற ஆளில்லை. தெரிந்ததைச் சொன்னார். தெரியாததற்கு, "தெரியலீங் சார், அடுத்ததுக்குப் போங்க" என்றார். குரலில் பிசிறில்லை. ஆஸ்திரேலியாவின் தலைநகருக்கும் அதுதான், மனித உடலின் மிகப் பெரிய உறுப்புக்கும் அதுதான். ஆஸ்திரேலியாவுக்குச் சிட்னி என்று அடித்துவிடாத ஆளை நான் மேடையில் பார்த்தது அபூர்வம்.

பிறகு அவருக்கு ஒரு அட்டை வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் யார் என்ற கேள்வி. ('தமிழின் முதல் கலைக்களஞ்சியம்' என்று நான் எழுதவில்லை. எழுதினால் அதற்கு முன்பே வந்த அபிதான சிந்தாமணியைத் தூக்கிக்கொண்டு யாராவது சண்டைக்கு வருவார்கள். கேள்வி எழுதுகிறவன் 'முதல்' என்ற சொல்லைப் பயந்து பயந்துதான் தொட வேண்டும்.) தொகுப்பாளர் 'கலைக்களஞ்சியத்தின்' என்று வாசித்து முடிப்பதற்குள் பெல் அடித்தார் அம்மா. "பெரியசாமித் தூரனுங். மொடக்குறிச்சிக்குப் பக்கத்தால மஞ்சக்காட்டுவலசு. எங்களூர்ப் பக்கந்தானுங்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துத்தான் மூட்டையில் வைத்திருந்தேன்.

பொங்கலன்று ஒளிபரப்பானது. பெரியார் பதிலே இல்லை, வெட்டிவிட்டார்கள். சேர்மன் வீட்டு ஜவுளிக்கடை விளம்பரம் இடைவேளைக்கு இடைவேளை ஓடியது. தூரன் பதிலும் இல்லை. அந்த அம்மா 'தெரியலீங்' என்று சொன்ன இடங்களை மட்டும் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். தை முடிவதற்குள் அந்தத் துண்டு மொபைல் மொபைலாகச் சுற்றியது. 'இவங்கெல்லாம் தலைவி' என்று மேலே ஒரு வரி. எழுதிய கேள்விகளும் என்னுடையவை, கேவலப்பட்டதோ நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள்.

சேனலுக்குப் போன் செய்து முழுசாகப் போடுங்கள் என்று கேட்டேன். "பாக்கறவங்களுக்கு இதுதான் சார் வேணும்" என்றார்கள். அந்த அம்மாவே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "அந்தத் தூரன் பதிலையாவது போட்டிருக்கலாமுங்களே சார். எங்க பக்கத்தவங்க பாத்துச் சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார். என்ன சொல்வது? அந்தச் சேனலுக்கு அதன் பிறகு நான் அட்டை எழுதுவதில்லை.

'தெரியாது என்று சொன்னால் போதுமா, தலைவர் என்றால் நாலு விஷயம் தெரிய வேண்டாமா' என்று கேட்பவர்களுக்கு: வேண்டும்தான். தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். போர்ன்விட்டா வினாடி வினா நடத்திய டெரெக் ஓ'பிரையனே 2011 முதல் மாநிலங்களவை எம்.பி.தான். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிடுகிற ஆள் நாளைக்குக் கோப்பில் கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான் செய்வார். எனக்குப் பயம் அங்கேதான்.

கேள்வி எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1992இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் க்வேல் ஒரு பள்ளியில் எழுத்துக்கூட்டல் போட்டி நடத்தப் போனார். உருளைக்கிழங்குக்குச் சரியாக ஆங்கில எழுத்துக்கூட்டிய பையனைத் திருத்தி, கடைசியில் ஒரு எழுத்தை அதிகமாகச் சேர்க்க வைத்தார். இன்றுவரை அவர் பெயரைச் சொன்னாலே உருளைக்கிழங்குதான். அவர் கையில் இருந்த அட்டையிலேயே தப்பாக எழுதியிருந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. அட்டை எழுதிய ஆளை யாரும் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொரு வயிற்றெரிச்சலும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போட்டித் தேர்வுக்கென்று விற்கிற ஒரு கைடில் என் கேள்விகள் வரிக்கு வரி வந்திருக்கின்றன. பெயர் போடவில்லை, கேட்கவும் இல்லை. அது போகட்டும். 'முதல் பட்ஜெட்' கேள்விக்கு விடை 'சி.சுப்பிரமணியம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அவரும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்தான், மத்திய நிதி அமைச்சராகவும் இருந்தவர்தான். ஆனால் அது எழுபதுகளில். கேள்வியைத் திருடியவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்து விடையையும் சேர்த்துத் திருடியிருக்கக் கூடாதா? அந்தக் கைடை மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைகள் பரீட்சையில் தப்பாகக் கட்டம் கறுத்துவிட்டு வருவார்களே என்று எனக்கு மனசே ஆறவில்லை. பதிப்பகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1998இல் இங்கிலாந்தின் பள்ளித் தர அமைச்சர் ஸ்டீபன் பையர்ஸ் வானொலியில் ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்றார். பிள்ளைகளின் வாய்ப்பாட்டுக்குப் பொறுப்பான ஆள் அவர், அவரைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. சொந்த இலாகாவில் உளறினால் சிரியுங்கள். தப்பைச் சொல்லிவிட்டு அதட்டினால் இன்னும் நன்றாகச் சிரியுங்கள். தெரியாது என்று சொன்னவரைப் பார்த்து மட்டும் வேண்டாம். இங்கிருந்து பார்த்தால் உங்கள் ஊர்க்காரர் இதில் எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முழு நிகழ்ச்சியும் யூடியூபில் இருந்தால் லிங்கைக் கமெண்டில் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.