படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று பிரித்துப் பார்ப்பது என்றால் என்ன?

ஒருவர் நம்பிய மோசமான விஷயங்களை, அவர் எழுதியதன் தரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடாமல் பார்ப்பது. அவ்வளவுதான்.

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் 1920இல் நோபல் பரிசு வாங்கியவர். 1943இல் அந்தப் பதக்கத்தைத் தூக்கி நாஜி அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பினார், 1945இல் ஹிட்லர் செத்ததும் புகழ்ந்து இரங்கல் வேறு எழுதினார். (அவருடைய நார்வேயையே நாஜிகள் பிடித்து வைத்திருந்தபோது!) ஆனாலும் வயிறு காய்ந்த ஒரு எழுத்தாளன் தெருத்தெருவாக அலைவதைப் பற்றி அவர் 1890இல் எழுதிய நாவலை இன்றும் படிக்கிறார்கள். காரணம், மனிதனைக் கூர்ந்து பார்க்கிற கண்ணும் மொழி வசமும் ஒருவருக்கு இருக்கலாம், அவருடைய அரசியல் படுகேவலமாகவும் இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று எதுவும் இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றில் சாதி வெறி பிடித்த பண்ணையார் ஒருவர் கிணறு வெட்டினார் என்று வையுங்கள். ஊற்று நல்ல ஊற்று என்றால் தண்ணீர் இனிக்கத்தான் செய்யும். திசையன்விளைப் பக்கம் சில கிணறுகளைப் போல உப்புக் கரித்தால், அதாவது வெறுப்பு கதைக்குள்ளேயே ஊறியிருந்தால், பிரிக்க முடியாது. அப்புறம், அந்தக் கிணற்றடியில் விரட்டப்பட்டவருக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

பலர் நினைப்பது போல, இப்படிப் பிரித்துப் படிப்பது அந்த ஆளை மன்னித்துவிட்டோம் என்று ஆகாது, ஹாம்சன் மீது நார்வே வழக்குப் போட்டு அபராதமும் வசூலித்தது.