அடுத்த எபி எப்போது?

கேள்வி: முதல்முறையாக இணையத்தில் தொடர்கதை எழுதப்போகிறேன். 4 எபி (எபிசோட்) தயாராக இருக்கிறது. வாரம் 3 யூடி (அப்டேட், அதாவது புது எபி) என்று அறிவித்துவிடலாமா?
– வாசகி, தேனி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று போட்டால் அடுத்த திங்களோடு உங்கள் கையிருப்பு தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்குத் தேவையான 12 எபியாவது எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்போதுதான் காய்ச்சலோ பிள்ளைகளின் பரீட்சையோ குறுக்கே வந்தாலும் யூடி நிற்காது. கையிருப்பு ஆறுக்குக் கீழே இறங்கினால், இனி வாரம் 2 என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமதத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் காணாமல் போவதைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

ஒரு எபிக்கு 1,000 முதல் 1,500 சொற்கள் போதும். பஸ்ஸிலும் சமையலுக்கு நடுவிலும் கைபேசியில் படிக்கிறவர்களே அதிகம் என்பதால், பத்திகள் சின்னதாக இருக்கட்டும்.

பெரும்பாலான தொடர்கள் தடுமாறுவது நடுப்பகுதியில்தான். 'ஃபிளாஷ்பேக் எப்போது', 'இவளுக்கு இவன்தானே ஜோடி' என்று கமென்ட் குவியும்போது கதை அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். அதனால் முதல் எபியைப் போடும் முன்பே கடைசிக் காட்சியை அரைப் பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு நோட்டும் வேண்டும். பாத்திரங்களின் வயது, உறவுமுறை, வேலை மட்டுமல்ல, கதையில் அன்று என்ன கிழமை, எந்த ரகசியம் யார் யாருக்குத் தெரியும் என்பதையும் ஒவ்வொரு எபி முடிந்ததும் குறித்து வையுங்கள். எபி 3-இல் அத்தை மகனாக வந்தவன் எபி 19-இல் மாமா மகன் ஆவதையும், தன்னிடம் யாரும் சொல்லாத விஷயத்தை நாயகி பேசுவதையும் வாசகர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

'தொடரும்' போடுவதற்காகவே கதவைத் தட்டவைத்து, அடுத்த எபியில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர் என்று முடிப்பது வேண்டாம். அப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை யாரும் பதறமாட்டார்கள். பாத்திரம் ஒரு முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: தளத்தில் 42 எபியில் கதை முடிந்துவிட்டது. அமேசானின் சந்தா மின்நூல் சேவையான கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்க்கும்போது முதல் 10 எபியைத் தளத்திலேயே விட்டுவைக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடாது. அதற்காக நீங்கள் சேர வேண்டிய கேடிபி செலக்ட் திட்டத்தின் விதிப்படி, மின்வடிவில் அந்தக் கதை வேறெங்கும் கிடைக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எபிகள் ஒரே நீளம் என்றால் உங்களுக்கு 4 எபிதான். தளம், வலைப்பூ, பிரதிலிபி, உங்கள் டெலிகிராம் சேனல் எல்லாவற்றிலும் மீதி எபிகளை நீக்கிய பிறகு, கதையின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடிப் பாருங்கள். ஒப்பந்தம் 90 நாள், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தளத்தில் ரீரன் தரும் (கதையை மறுபடி வெளியிடும்) எண்ணம் இருந்தால் அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பை முன்பே நிறுத்துங்கள்.

எபிகளை அப்படியே ஒட்டிப் புத்தகமாக்காதீர்கள். 'ஹாய் மக்களே', போன எபியை நினைவூட்டும் வரிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். இரண்டு மூன்று எபிகளைச் சேர்த்து ஓர் அத்தியாயம் ஆக்கலாம். வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1' கொடுத்தால் பொருளடக்கம் ஒழுங்காக வரும். பழைய பகுதிகளை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின் வரிவரியாகப் படியுங்கள். நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும்.

கேள்வி: என் கதையை பிடிஎஃப் ஆக்கி ஒரு குழுவில் பகிர்கிறார்கள். பதிப்புரிமை பதிவு செய்யவில்லையே?
– வாசகி, சேலம்

பதில்: பதிவு கட்டாயமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியபோதே உரிமை உங்களுடையதாகிவிட்டது. குழுவில் போய்ச் சண்டை போட்டால் அழித்துவிட்டு வேறு இடத்தில் பகிர்வார்கள். ஆகவே முதலில் குழுவின் பெயர், தேதி, லிங்க் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதையும் நீங்கள் முதலில் வெளியிட்ட பக்கத்தின் லிங்க்கையும் இணைத்து, அந்தச் செயலி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். உங்கள் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கதையைப் பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கான கட்டணம் 500 ரூபாய்.