இல்லாத ஹெச்.எஸ்.ஏ. கணக்குக்கு வரியா?

கேள்வி: டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். 2025-ல் சம்பளத்திலிருந்து மருத்துவ எஃப்.எஸ்.ஏ.வுக்கு (மருத்துவச் செலவுக்காகக் கம்பெனி வழியாக வரிக்கு முன் பணம் ஒதுக்கும் திட்டம்) 2,400 டாலர் பிடித்தார்கள். எனக்கு ஹெச்.எஸ்.ஏ. (குறிப்பிட்ட வகை இன்சூரன்ஸ் இருப்பவர்கள் மருத்துவச் செலவுக்குச் சேமிக்கும் சொந்தக் கணக்கு) கிடையாது, என் இன்சூரன்ஸும் அதற்குத் தகுதியானதல்ல. ஆனால் கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் 12-ம் பெட்டியில் ‘டபிள்யூ’ குறியீட்டோடு 2,400 என்று இருக்கிறது. வரி சாப்ட்வேரில் அதை ஏற்றியதும் கூடுதல் வரி கேட்கிறது. ஹெச்.ஆர். ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்கிறார். நண்பர் அந்த 12-ம் பெட்டிப் பதிவை மட்டும் நீக்கிவிட்டு ஃபைல் பண்ணச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். அந்தக் குறியீட்டுக்கு ஒரே பொருள்தான்: கம்பெனியும் நீங்களும் பேரோல் வழியாக ஹெச்.எஸ்.ஏ.வில் இவ்வளவு போட்டீர்கள். எஃப்.எஸ்.ஏ. பிடித்தம் அங்கே வரவே கூடாது. அதை டபிள்யூ-2-வில் தனியாகக் காட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. சில கம்பெனிகள் தகவலுக்காக 14-ம் பெட்டியில் போடுவார்கள், அவ்வளவுதான்.

சாப்ட்வேர் மீது தப்பில்லை. குறியீட்டைப் பார்த்ததும் அது ஹெச்.எஸ்.ஏ.வுக்கான 8889 படிவத்தைத் திறக்கிறது. தகுதியான இன்சூரன்ஸ் இல்லை என்றதும் 2,400 டாலர் முழுவதையும் வரம்பு மீறிய தொகையாக எடுத்து வருமானத்தில் சேர்த்துவிடுகிறது. நீங்கள் 22% வரி அடுக்கில் இருந்தால் 528 டாலர் வீண். அப்புறம் 6% அபராதமும் கேட்கும். அது டிசம்பர் 31-ல் கணக்கில் இருந்த மதிப்பைத் தாண்டாது என்பதால், கணக்கே இல்லாத உங்களுக்குப் பூஜ்யம்தான். ஆனால் வருமானத்தில் சேர்ந்த 2,400 அப்படியே நிற்கும். ‘அதிகமாகப் போட்டதை எடுத்துவிட்டேன்’ என்று டிக் அடித்துத் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். இல்லாத கணக்கிலிருந்து பணம் எடுத்ததாகப் பொய் சொல்வது அது.

அந்தப் பதிவை நீக்கினால்? அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கையிலும் அதே டபிள்யூ-2 இருக்கிறது. 8889 எங்கே என்று பின்னால் கடிதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஹெச்.ஆர். அல்ல.

கேட்க வேண்டியது டபிள்யூ-2சி, அதாவது திருத்திய படிவம். கேட்பதற்கு முன் டிசம்பர் மாதக் கடைசி பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) எடுத்து வையுங்கள். ஆண்டு மொத்தச் சம்பளத்தில் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு, இன்சூரன்ஸ் பிரீமியம், எஃப்.எஸ்.ஏ. போன்ற வரிக்கு முந்தைய பிடித்தங்களைக் கழித்தால் டபிள்யூ-2-வின் 1-ம் பெட்டியில் உள்ள வரிக்குரிய சம்பளத் தொகை வருகிறதா? வந்தால் பிழை 12-ம் பெட்டியில் மட்டும்தான். வராவிட்டால் அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். எஃப்.எஸ்.ஏ.வில் சேர்ந்தபோது வந்த உறுதிக் கடிதத்தையும் இணைத்து, போனில் சொல்லாமல் மெயிலில் கேளுங்கள். ஹெச்.ஆரை விட பேரோல் பிரிவுக்கு எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். இந்த மாதிரிப் பிழை பெரும்பாலும் பேரோல் சாப்ட்வேரில் ஒரு பிடித்தத்தைத் தவறான குறியீட்டோடு இணைத்ததால் வருவது. உங்கள் ஆபீஸில் எஃப்.எஸ்.ஏ. எடுத்த மற்றவர்களுக்கும் இதே கதையாக இருக்கலாம், விசாரியுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பிப்ரவரி முடிந்தும் வரவில்லை என்றால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பத்து நாளில் திருத்திக் கொடுக்கும்படி அவர்கள் கம்பெனிக்குக் கடிதம் அனுப்புவார்கள். உங்களுக்கு 4852 படிவம் வரும், அது டபிள்யூ-2-வுக்கு மாற்று. ஃபைல் பண்ணக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்கிவிட்டால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை தவணை வாங்குங்கள். ஆனால் தவணை ஃபைல் பண்ணத்தான். கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

ஏற்கெனவே கூடுதல் வரியோடு ஃபைல் பண்ணிவிட்டவர்கள், டபிள்யூ-2சி கைக்கு வந்ததும் 1040-எக்ஸ் என்ற திருத்திய வரிப் படிவம் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக, ஃபைல் பண்ணியதிலிருந்து மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு.