தகடா, கண்ணாடி இழையா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தெற்குக் கலிஃபோர்னியாவின் பழைய ஹாட் ராட் கார்களைப் பற்றி, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய வண்டிகளைப் பற்றி, நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த பிறகு என் நெடுநாள் ஆசை முற்றிவிட்டது. நான் ஓஹாயோவில் டேட்டன் அருகே வசிக்கும் இயந்திரப் பொறியாளன். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) ஒன்றைப் பழைய முறைப்படி கட்டுவதற்காக மூன்று ஆண்டுகளாகப் பணம் சேர்த்துவருகிறேன். அசல் எஃகு பாடியின் விலை எனக்கு எட்டாது. ஃபைபர் கிளாஸ் பாடி வாங்கலாம் என்றால், சென்ற கோடையில் ஒரு கார் கூட்டத்தில் கண்ட காட்சி என்னைத் தடுக்கிறது. அழகாகக் கட்டிய ஒரு கறுப்பு ரோட்ஸ்டரை முதியவர் ஒருவர் சுற்றிவந்து ரசித்துப் பார்த்தார். பிறகு கதவின் அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். எழுந்தது எஃகின் ஓசை அல்ல. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். உரிமையாளரின் முகம் வாடியதைப் பார்த்தேன். செவர்லே கார்வெட் 1953இலேயே ஃபைபர் கிளாஸில் வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பொருளும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதானே? வடிவம் அதேதான் என்றால், எதில் செய்தது என்பது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அந்த முதியவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது. பிறருடைய உழைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நகர்வது புண்படுத்தும் செயல். ஆனால் அவர் எதைத் தேடினார் என்பது எனக்குப் புரிகிறது. உங்கள் கேள்விக்கான விடையும் அந்தத் தட்டலுக்குள்தான் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய முறைப்படியான ஹாட் ராட்தான் உங்கள் இலக்கு என்றால் எஃகில் கட்டுங்கள். எஃகில் 1932 ரோட்ஸ்டர் கிடைக்கவில்லை என்றால், பொருளை மாற்றுவதைவிட வண்டியை மாற்றிக்கொள்வது நல்லது.

கார்வெட் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. 1953இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் கையால் கட்டப்பட்ட 300 கார்வெட்டுகளின் பாடிகளும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவைதான். 1950களின் இறுதிக்குள் ஃபோர்டின் பழைய மாடல் டி வடிவத்திலும் ஃபைபர் கிளாஸ் பாடிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆகவே, அந்தக் காலத்து இளைஞர்கள் இந்தப் பொருளைத் தொட்டதே இல்லை என்று வாதிடுபவர்கள் வரலாறு அறியாமல் பேசுகிறார்கள். ஆனால் கார்வெட்டை வரைந்தவர்கள் வேறொரு காரை நகலெடுக்கவில்லை. அந்தப் பாடி எஃகாக நடிக்க வேண்டிய தேவையும் இல்லை. 1932 ஃபோர்டின் கதை வேறு. அதன் கதவின் மேற்பகுதியில் முன்னிருந்து பின்வரை ஓடும் புடைப்புக் கோட்டைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் வந்த கோடு அல்ல அது. சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான தகடு சாலை அதிர்வில் பறை போல் அதிரும். அதில் ஒரு புடைப்பை அழுத்தி எடுத்தால் தகடு விறைப்பாகும். வண்டியின் முகத்தை முடிவுசெய்யும் அந்தக் கோட்டில் தகட்டின் தேவையும் இருக்கிறது. அச்சில் வார்த்த ஃபைபர் கிளாஸிலும் அதே கோடு அதே இடத்தில் வந்துவிடும், ஆனால் அங்கே அது தகட்டின் தேவையிலிருந்து வந்ததல்ல. வடிவம் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள். அந்த வடிவத்தின் ஒரு பகுதி எஃகிலிருந்து பிறந்தது என்பதே என் பதில்.

இந்தக் கலை எங்கே தொடங்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1932இல் ஃபோர்டு, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு காரில் 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினைப் பொருத்தியது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டிகள் நடந்துவந்தன. அவற்றை முறைப்படுத்த 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் தேடியது கூரையும் எடையும் குறைந்த ஒரு பழைய ரோட்ஸ்டரை. மட்கார்டுகளைக் கழற்றினார்கள், வேண்டாத எடையை வெட்டி எறிந்தார்கள், பழைய உடைசல் கிடங்கில் கிடைத்த பாகங்களைப் பொருத்தினார்கள். அன்று யாரும் எஃகைப் புனிதமாகக் கருதவில்லை. மலிவாகவும் கைக்கு அருகிலும் இருந்தது அதுதான், அவ்வளவே. ஃபைபர் கிளாஸை ஆதரிப்பவர்கள் எழுப்பும் மிக வலுவான வாதமும் இதுவே. மலிவாகக் கிடைப்பதை எடுத்துக் கட்டுவதுதான் மரபு என்றால், இன்று மலிவாகக் கிடைப்பது ஃபைபர் கிளாஸ் அல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். போர்க்காலத்தில் பழைய இரும்பு திரட்டியபோது ஏராளமான கார்கள் உலைக்குப் போயின. மிஞ்சியவற்றில் பலவற்றைத் துருவும் விபத்தும் தின்றன. 1970இல் இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் முதல் ஸ்ட்ரீட் ராட் (சாலையில் ஓட்டும் ஹாட் ராட்) தேசியக் கூட்டம் நடந்தது. அதற்குப் பின் இந்த ஆர்வம் நாடெங்கும் பெருகியபோது, எல்லோருக்கும் போதுமான அசல் ரோட்ஸ்டர்கள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஃபைபர் கிளாஸ்தான். அது வராமலிருந்தால் பல்லாயிரம் பேர் ஒரு ஹாட் ராடின் ஸ்டியரிங்கைப் பிடித்தே இருக்கமாட்டார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

ஆனாலும் எஃகின் பக்கம் நான் நிற்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டுக்காரர் ஒருவரின் கராஜில், பெயின்ட் முழுவதும் நீக்கப்பட்ட ஃபோர்டு மாடல் ஏ கூப் (கூரை மூடிய இரண்டு கதவு கார்) ஒன்றின் அருகில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடைப்பட்ட பக்கத் தகட்டின் அடிப்பகுதி நான்கு அங்குல உயரத்துக்குத் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. முன்பொருவர் அங்கே ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார். வெல்டிங் சுமார்தான், தகடு சூட்டில் லேசாக நெளிந்திருந்தது. சற்று மேலே, யாரோ ஒரு ஹீட்டருக்காகத் துளையிட்டதும், பிறகு வேறொருவர் அதை மூடியதும் வட்டமாகத் தெரிந்தன. பின்பக்க வளைவில் கை வைத்தபோது ஓரிடம் மட்டும் சற்று வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் மங்கிப் பளபளத்தது. அது ஈயம். பட்டி புழக்கத்துக்கு வருவதற்கு முன், டிங்கர் வேலைக்காரர்கள் பள்ளங்களை உருக்கிய ஈயத்தால் நிரப்பி, மெழுகு தடவிய மரக்கட்டையால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். கதவின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பெரிய நெளிவை உள்ளிருந்து சுத்தியலும் வெளியிலிருந்து தாங்குகட்டையும் வைத்து எடுத்த தடங்கள், நீரில் விழுந்த மழைத்துளிகளைப் போலச் சின்னச் சின்ன வட்டங்களாக அங்கே இருந்தன. குறைந்தது நான்கு பேரின் கைகள் அந்த ஒரு பாடியில் வேலை செய்திருக்கின்றன. அவர்களில் ஒருவரையும் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் ஐந்தாவது ஆள். கூரையை மூன்று அங்குலம் இறக்குவதற்காகத் தூண்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார். இரண்டு வாரமாகக் கோடு மட்டும்தான் இருக்கிறது, ரம்பத்தை எடுக்கக் கை வரவில்லை என்றார். வெட்டினால் திரும்பப் பெற முடியாத ஒன்றை வெட்டப்போகிறோம் என்ற தயக்கம் அது. ஃபைபர் கிளாஸ் கூப்பில் கூரையை ஏற்கெனவே இறக்கியே அச்சிலிருந்து எடுத்துத் தருவார்கள். அங்கே அந்த இரண்டு வாரங்கள் இல்லை.

விரல் முட்டியால் தட்டிய முதியவர் தேடியது இந்த முன்கதையைத்தான் என்று நினைக்கிறேன்.

ஃபைபர் கிளாஸின் நடைமுறையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் இறுதியில் அதையே தேர்ந்தெடுக்கவும் கூடும். துரு இல்லை என்பது உண்மை. உப்புத் தூவும் உங்கள் ஊர்ச் சாலைகளில் அது சிறிய நன்மை அல்ல. ஆனால் பிசின் அச்சிலிருந்து வெளியே வந்த பிறகும் மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால், சில மாதங்களில், குறிப்பாகக் கறுப்பு நிறத்தில், உள்ளிருக்கும் இழைகளின் பின்னல் மேற்பரப்பில் தெரியத் தொடங்கும். ஆகவே பாடியைச் சேஸின் (வண்டியைத் தாங்கும் எஃகுச் சட்டகத்தின்) மேல் போல்ட் போட்டு, கதவுகளைப் பொருத்தி மூடி, ஒரு கோடைக்காலமாவது வெயில் பட வையுங்கள். கதவுக் கீல்கள் பற்றும் இடத்தில் உள்ளே எஃகுச் சட்டம் இருக்கிறதா, வெறும் மரக்கட்டையா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். மலிவான பாடியில் கதவு தொங்குவதும், கீலைச் சுற்றிச் சிலந்திவலை போல வெடிப்பு விழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. எஃகுச் சட்டம் முழுவதையும் சேர்த்த பிறகு எடையில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு மிச்சமும் இருக்காது.

வயரிங்கும் வேறு. எஃகு காரில் பாடியே எர்த். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் சேஸில் கட்ட வேண்டும். நண்பர் ஒருவரின் வண்டியில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கி, இண்டிகேட்டர் தானாக மினுங்கியது. ஒரு மாலை முழுக்க ஸ்விட்சையும் பல்பையும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், பின்விளக்குகள் எல்லாவற்றுக்குமான ஒரே எர்த் வயர், பெயின்ட் சுரண்டாத சேஸ் பரப்பில் போல்ட் போடப்பட்டிருந்தது. பொறியாளரான உங்களுக்கு இதெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள்தான்.

மூன்றாவது வழி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டேட்டனிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள புரூக்வில்லில், மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர்களின் பாடிகளைப் புதிய எஃகுத் தகட்டில் செய்கிறார்கள். துரு இல்லை, வெல்டிங் செய்யலாம், தட்டினால் தகட்டின் ஓசை வரும். பொருளின் நேர்மை அதில் இருக்கிறது, முன்கதை இல்லை. ஆனால் முன்கதை எந்தக் காரிலும் யாரோ ஒருவரிடம்தான் தொடங்கியது. புதிய எஃகில் நீங்கள் வெட்டி, ஒட்டி, தட்டி எடுக்கும் ஒவ்வொன்றும் அந்தத் தகட்டிலேயே தங்கும். ஆகவே அசலுக்கு அடுத்த இடத்தை நான் இதற்குத் தருவேன். விலைதான் தடை, ஃபைபர் கிளாஸைவிட நிச்சயமாக அதிகம்.

அதனால்தான் வண்டியை மாற்றச் சொல்கிறேன். 1928 முதல் 1931 வரை ஃபோர்டு 48 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடல் ஏ வண்டிகளைச் செய்தது. ரோட்ஸ்டர்களை எல்லோரும் தேடுவதால் அவற்றின் விலை ஏறிவிட்டது. கூப்புகளும், இரண்டு கதவு கொண்ட டியூடர் செடான்களும் இன்னும் களஞ்சியங்களிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. அதே காலத்துச் செவர்லேயின் விலை குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அவற்றின் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச் சட்டம். மரம் உளுத்திருந்தால் நீங்கள் தச்சு வேலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஃபோர்டிலும் 1936 வரை மூடிய கார்களின் கூரை நடுவில் தகடு கிடையாது, மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணிதான். அதைக் கண்டு பாடி கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். வேறொரு காரின் கூரைத் தகட்டை வெட்டி எடுத்து அந்த இடத்தை மூடுவது பழைய வழக்கங்களில் ஒன்று.

உங்கள் 1932 ஆசையை முழுவதும் விட வேண்டியதும் இல்லை. மாடல் ஏ பாடியை 1932 சேஸின் மேல் உட்காரவைப்பது இந்த மரபின் மிகப் பழைய, மிக அழகிய கூட்டணிகளில் ஒன்று. மாடல் ஏயின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 103.5 அங்குலம், 1932இனுடையது 106. அந்த இரண்டரை அங்குல நீளமும், வெளியே தெரியும் சேஸ் பக்கங்களில் அழுத்தப்பட்ட அந்த மென்மையான வளைகோடும் வண்டிக்குத் தனித் தோற்றம் தருகின்றன. சேஸைப் புதிய எஃகில் வாங்கலாம். சேஸ் கண்ணில் படும் வகையில் மட்கார்டு இல்லாமல் விடுவதென்றால் உங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்றதும் ஒரு வேண்டுகோள். எதில் கட்டினாலும், பதிவுத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புதிதாக வார்த்த ஃபைபர் கிளாஸ் பாடியையும் புதிய சேஸையும் சேர்த்துவிட்டு, எங்கோ வாங்கிய பழைய தாளை வைத்து ‘1932 ஃபோர்டு’ என்று பதிவது பல இடங்களில் நடந்துவந்திருக்கிறது. பின்னால் வாங்குபவர் அதனால் வண்டியையே இழக்க நேரலாம். கலிஃபோர்னியா 2001இல் கொண்டுவந்த சட்டம், இத்தகைய கையால் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு முதல் 500ஐ, அவற்றின் வடிவம் எந்தக் காலத்ததோ அந்தக் காலத்து வண்டிகளாகப் புகைச் சோதனைக்குக் கணக்கிட வழிசெய்தது. ஓஹாயோவின் முறையை உங்கள் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கறுப்பு ரோட்ஸ்டரின் உரிமையாளர் ‘இது ஃபைபர் கிளாஸ்’ என்று ஒரு சிறிய அட்டையில் எழுதி வைத்திருந்தால், அந்த முதியவர் தட்டியிருக்கவும் மாட்டார், ஒருவேளை நின்று பேசியும் இருப்பார்.

மாடல் ஏ பார்க்கப் போகும்போது ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவின் அடிப்பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தகடு, முன்கண்ணாடித் தூணின் கால் ஆகிய இடங்களில் மெல்ல நகர்த்துங்கள். காந்தம் பிடி தளரும் இடத்தில் பட்டியோ ஈயமோ கனமாக இருக்கிறது. பிறகு தரையில் படுத்து, பாடி சேஸின் மேல் உட்காரும் அடிச்சட்டங்களை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். அடிச்சட்டம் தாங்கினால், மேலே எவ்வளவு துரு இருந்தாலும் விலை பேசலாம். பார்த்த வண்டியின் படங்களை எனக்கு அனுப்புங்கள், அந்தக் கீழ்ப்பக்கத் தகட்டைக் கட்டாயம் படமெடுங்கள்.

அன்புடன்.